மாற்றம் ஒருவருடையது, இராவிழிப்பு இன்னொருவருடையது

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 12

எங்கள் மென்பொருள் அணியில் பதினான்கு பேர். இரண்டு ஆண்டுகளில் வேலை செய்யும் முறை மூன்று தடவை மாறிவிட்டது. முதலில் இரண்டு வாரச் சுற்று. பிறகு பலகையில் அட்டை ஒட்டி நகர்த்துவது. இப்போது மறுபடியும் சுற்று, ஆனால் மூன்று வாரம். மூத்தவர்கள் எதையும் தொடாதே என்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் எல்லாவற்றையும் பிரித்துப் போடு என்கிறார்கள். மேலாளர் 70 விழுக்காடு நிலைத்தன்மை, 30 விழுக்காடு மாற்றம் என்று ஒரு வட்டம் வரைந்து சுவரில் மாட்டியிருக்கிறார். இந்த விகிதம் சரிதானா? உங்கள் இடத்தில் எவ்வளவு?

பிப்ரவரி 12, இரவு

விகிதம் சொல்ல இது என்ன இட்லி மாவா? அரிசி மூன்று, உளுந்து ஒன்று என்று அளந்து போட்டால் காலையில் பொங்கியிருக்கும் என்று நம்பும் மேலாளர்களைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுவரில் தொங்கிய வட்டம் எந்த அணியையும் காப்பாற்றியதாக நினைவில்லை.

நான் வேறு இரண்டு கேள்வி கேட்கிறேன். அந்த மூன்று மாற்றங்களையும் முடிவு செய்தவர் யார்? அவை கோணலாகப் போன அன்று இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி யாருக்கு வந்தது? இரண்டுக்கும் ஒரே பெயர் விடையாக வந்தால் எந்த விகிதத்திலும் பிழைத்துக்கொள்வீர்கள். வேறு வேறு பெயர் என்றால் 99க்கு 1 என்று வைத்தாலும் சண்டைதான்.

பிப்ரவரி 13

நேற்று சொன்னது மொட்டையாக இருக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். சரி, ஒரு கதை.

கோயம்புத்தூரில் ஒரு சிறிய நிறுவனம். பெயர் வேண்டாம். திருப்பூர் பின்னலாடைத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு இருப்பு, சம்பளக் கணக்கு இரண்டுக்கும் மென்பொருள் செய்து கொடுத்தோம். ஒன்பது பேர். எங்களில் மூத்தவரிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. புதிய பதிப்பை வாடிக்கையாளரின் சர்வரில் ஏற்றுவதற்கு முன் என்ன என்ன செய்ய வேண்டும் என்று 31 வரிகள். பேனா மாறி மாறி, மை மாறி மாறி எழுதியது. அவரை நாங்கள் நோட்டு அண்ணன் என்றே அழைப்போம். அவருடைய அம்மா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டபோதுகூட ஒரு பையன் "நோட்டு அண்ணன் வெளியே போயிருக்கிறார்" என்று சொல்லிவிட்டான்.

புதிதாக ஓர் அணித்தலைவர் வந்தார். நோட்டைப் பார்த்துச் சிரித்தார். ஏற்றும் வேலை முழுவதையும் தானியங்கியாக்கினார். நிரலர் மாற்றத்தைச் சேர்த்தால் சோதனைகள் ஓடும். தேறினால் தானே சர்வருக்குப் போகும். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. மூன்று வாரம் எல்லோரும் பாராட்டினோம்.

நோட்டில் 14ஆம் வரி இப்படி இருந்தது: "சனி, சம்பளம் முடியும்வரை வேண்டாம்." காரணம் எழுதவில்லை. திருப்பூரில் பல தொழிற்சாலைகளில் வாரச் சம்பளம் சனிக்கிழமை மாலையில்தான். நான்காவது வாரம், சனிக்கிழமை மதியம் ஒரு மாற்றம் தானே ஏறியது. மிகைநேரக் கூலி இல்லாமல் பட்டியல் வந்தது. இரவு ஒன்பது மணிவரை ஆட்கள் வாசலில் நின்றார்கள். திருப்பூருக்கு பஸ் ஏறிப் போய், கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் நோட்டு அண்ணன். அணித்தலைவர் அன்று ஊரில் இல்லை.

நோட்டு அண்ணனை மாற்றத்துக்கு எதிரி என்று அலுவலகத்தில் சொல்வார்கள். மாற்றம் என்று யாராவது சொன்னாலே அவருக்குத் திருப்பூர் பஸ்தான் நினைவுக்கு வந்திருக்கும்.

பிப்ரவரி 15

அறிவிப்பு: அரிசி மூன்றல்ல, நான்கு என்று ஏழு பேர் திருத்தியிருக்கிறார்கள். இழையின் மையக் கருத்துக்கு வந்த மறுமொழிகளைவிட இது அதிகம். மதுரைக்காரர் ஒருவர் புது உளுந்து என்றால் நான்குக்கு ஒன்று, பழைய உளுந்து என்றால் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்கிறார். கிரைண்டரில் அரைத்தால் ஒரு கணக்கு, மிக்சியில் அரைத்தால் வேறு கணக்காம். மாவுக்கே இப்படி. அந்த 70க்கு 30 மேலாளருக்கு யாராவது இதை அனுப்புங்கள்.

பிப்ரவரி 18

"நாள்தோறும் மாறிக்கொண்டே நிலையாக இருக்கிற ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள்" என்று பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் இருக்கிறதே.

இதில் பழைய கதை ஒன்று உண்டு, இப்போதைய இளைஞர்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தக் காலத்தில் பதிப்பு எண்ணின் இரண்டாம் இலக்கம் இரட்டைப்படை என்றால் நிலையான பதிப்பு, ஒற்றைப்படை என்றால் சோதனைப் பதிப்பு. 2.4 நிலையானது, 2.5 ஆட்டம் போடும் இடம். கேட்க அழகாக இருக்கிறது. 2.4 வந்தது 2001 ஜனவரியில். அடுத்த நிலையான 2.6 வந்தது 2003 டிசம்பரில். ஏறக்குறைய மூன்று ஆண்டு. இடையில் மக்களுக்குப் புதிய வன்பொருள் வந்துகொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல், லினக்ஸைத் தொகுத்துத் தரும் விநியோக நிறுவனங்கள் 2.5இல் இருந்ததையெல்லாம் பெயர்த்து எடுத்து 2.4இல் ஒட்டுப்போட்டு விற்றன. நிலையானது என்று பெயர் வைத்த பொருள் கடைக்குக் கடை வேறாக இருந்தது. அடுத்த நிலையான பதிப்பு வரும்போது மூன்று ஆண்டு மாற்றமும் ஒரே நாளில் தலையில் விழும்.

2.6க்குப் பிறகு 2.7 என்ற சோதனைக் கிளையைத் திறக்கவே இல்லை. இன்று ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு. முதல் இரண்டு வாரம் புதியவற்றைச் சேர்ப்பார்கள், மிச்ச வாரமெல்லாம் பிழை திருத்துவது மட்டும். தவறவிட்டவர் அழ வேண்டாம், அடுத்த பஸ் பத்து வாரத்தில். அவசரப்பட்டு அரைவேக்காட்டை உள்ளே தள்ளும் ஆசை இதனாலேயே குறைந்தது.

எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. கெர்னலுக்கு வெளியே ஓடும் பயனர் நிரல் எதுவும் கெர்னலை மாற்றியதால் உடையக்கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதி. உள்ளே நேர் எதிர். உட்புற இடைமுகங்கள், அதாவது கெர்னலின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் முறைகள், நிலையாக இருக்கும் என்று வாக்குறுதியே கிடையாது. கிடையாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எவரும் எதையும் மாற்றலாம். ஆனால் மாற்றுகிறவர், மரத்துக்குள் (கெர்னலின் மூல நிரல் தொகுதியை அப்படித்தான் சொல்வார்கள்) அந்த இடைமுகத்தைப் பயன்படுத்தும் எல்லா இடங்களையும் தாமே திருத்திக் கொடுக்க வேண்டும். முந்நூறு இடம் என்றால் முந்நூறும். நான் பன்னிரண்டாம் தேதி கேட்ட இரண்டு கேள்விக்கும் அங்கே ஒரே பெயர்தான் விடை.

பிப்ரவரி 19

நேற்று கொஞ்சம் புராணம் பாடிவிட்டேன். மரத்துக்கு வெளியே சாதன இயக்கி, அதாவது வன்பொருளை இயக்கும் நிரல், எழுதுகிறவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் அவர்கள் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். கெர்னல்காரர்கள் சொல்லும் விடை: உள்ளே கொண்டு வந்து சேர்த்துவிடு, நாங்களே திருத்துகிறோம். நியாயம்தான், ஆனால் எல்லோராலும் உள்ளே வர முடியாது. எல்லைக்கோடு எங்கே போடுகிறோமோ அதற்கு அந்தப் பக்கம் எவராவது நின்றுகொண்டுதான் இருப்பார்.

இன்னொன்று. பயனர் நிரலை உடைக்காதே என்ற விதியைக் காக்க டோர்வால்ட்ஸ் திட்டிய திட்டுகள் பேர்போனவை. 2012 டிசம்பரில் ஒரு பராமரிப்பாளரை எல்லோரும் படிக்கும் மடலில் பெரிய எழுத்தில் வறுத்தெடுத்தார். ஆறு ஆண்டு கழித்து, 2018 செப்டம்பரில், தம் பேச்சுமுறைக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். அதே சமயம் நடத்தை விதி ஒன்றும் வந்தது. பயனர் நிரலை உடைக்கக்கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது. திட்டும் முறை மாறியது. இரண்டும் ஒன்றாகப் பிணைந்தவை, திட்டாவிட்டால் விதி நிற்காது என்று பல ஆண்டுகள் பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அதில் ஒருவன். ஒரு பயிற்சிப் பையனிடம் அந்த நம்பிக்கையில் நடந்துகொண்டிருக்கிறேன். அவன் இப்போது வேறு நாட்டில் இருக்கிறான். நன்றாக இருக்கிறான்.

மார்ச் 2

பைத்தான் என்ற நிரல்மொழி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வாயைக் கிளறாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன், கிளறிவிட்டீர்கள்.

பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பர் 3. பழைய 2 வரிசையை முழுவதும் கைவிட்டது 2020 ஜனவரி 1. முதலில் 2015 என்று சொல்லியிருந்தார்கள். 2014இல் ஐந்து ஆண்டு தள்ளினார்கள். பதினோரு ஆண்டுக் குடிபெயர்ப்பு. ஒரு குழந்தை பிறந்து ஆறாம் வகுப்புக்குப் போய்விடும்.

மாற்றத்தில் தவறில்லை. உரையையும் வெறும் பைட்டுகளையும் ஒன்றாகக் குழப்பி வைத்திருந்த பழைய முறையைத் தமிழில் வேலை செய்தவன் எவனும் ஆதரிக்க மாட்டான். 2009இல் ஒரு நூலகத்துக்கு நூற்பட்டியல் செய்தோம். நூலின் பெயர் நீளமாக இருந்தால் இருபது எழுத்தோடு வெட்டச் சொன்னார்கள். வெட்டினோம். பாதி நூல்களின் பெயர் கேள்விக்குறியில் முடிந்தது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு. இருபதாம் பைட்டில் வெட்டினால் குறியீட்டின் நடுவில் கத்தி விழும். நூலகர் பொறுமையானவர். "எல்லா நூலும் வினா எழுப்புகிறதே" என்றார்.

கோளாறு, சுமை யார் தலையில் விழுந்தது என்பதில்தான். மொழியை மாற்றியவர்கள் சில பேர். திருத்த வேண்டியவர்கள் உலகம் முழுவதும் நூலகத்தொகுப்பு, அதாவது பிறர் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல், எழுதியவர்கள். நான் பயன்படுத்தும் தொகுப்பு மாறாமல் நான் மாற முடியாது. என் தொகுப்பை நம்பியிருப்பவர்கள் மாறாமல் நான் பழையதை விட முடியாது. திருமண மண்டபத்துச் சாப்பாட்டுப் பந்தி மாதிரி, யாராவது எழுந்தால்தானே அடுத்தவர் உட்கார முடியும். 2012இல் 3.3 வந்தபோது, ஏற்கெனவே நீக்கியிருந்த ஒரு பழைய எழுத்துமுறையை, சரத்துக்கு (நிரலில் மேற்கோளுக்குள் வரும் உரைக்கு) முன் யு போடுவதை, திரும்பச் சேர்த்தார்கள். ஒரே நிரல் இரண்டு பதிப்பிலும் ஓட அது உதவியது. என் கணிப்பில் குடிபெயர்ப்பு உண்மையிலேயே நகரத் தொடங்கியது அப்போதுதான். பின்வாங்கியதால் முன்னேறினார்கள்.

இப்போது 3.9 முதல் ஆண்டுக்கு ஒரு பதிப்பு, அக்டோபர் வந்தால் வந்துவிடும், தீபாவளி மாதிரி. சின்னச் சின்ன மாற்றம், முன்னறிவிப்போடு.

மார்ச் 3

தீபாவளி ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வராது என்று தெரியும். நன்றி. போன தடவை நவம்பரில் வந்தது. பலகாரம் சாப்பிட்டேன்.

நேற்றைய உதாரணத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன என்று பழைய பைத்தானின் சாதாரணச் சரத்தில் கேட்டால் பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும். புதிய பைத்தான் குறியீடுகளை எண்ணி 5 என்று சொல்லும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை 3 என்று சொல்லும். பதினோரு ஆண்டு உலகத்தையே புரட்டிப் போட்டும் குழந்தையின் விடைக்கு வந்து சேரவில்லை. இதைச் சொல்லி ஒரு கூட்டத்தில் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் 15லிருந்து 5க்கு வந்ததை ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

நிலைத்தன்மைக்கும் விலை உண்டு. ஒருங்குறியில், அதாவது உலக எழுத்துகளுக்கெல்லாம் எண்ணும் பெயரும் தரும் யுனிகோடில், ஆய்த எழுத்துக்கு வைத்த பெயர் விசர்கக் குறி, வடமொழியின் ஓர் ஒலிக்குறி. ஆய்தம் வேறு, விசர்கம் வேறு. ஆனாலும் மாற்ற மாட்டார்கள், ஒரு முறை வைத்த குறியீட்டுப் பெயர் மாறாது என்பது அவர்கள் கொள்கை. அந்தப் பெயரை நம்பி எங்கோ ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கலாம். பிழையான பெயரோடு ஃ இனி என்றென்றைக்கும் வாழும். எனக்கு எரிச்சல்தான். ஆனால் எனக்கு எரிச்சல் வந்தபோதெல்லாம் பெயரை மாற்றும் அமைப்பாக இருந்தால் அதை நம்பி எதையும் எழுதியிருக்க மாட்டேன்.

மார்ச் 9

நடைமுறையில் என்ன செய்வது என்று கேள்வி கேட்டவர் மறுபடியும் வந்திருக்கிறார். கூகிளில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்கள் பரப்பிய வழக்கம் ஒன்று: பிழைக்கு ஒரு வரவுசெலவு. சேவை 99.9 விழுக்காடு நேரம் ஓட வேண்டும் என்று முதலில் எல்லோரும் ஒப்புக்கொள்வது. அப்படியானால் மாதத்தில் 432 நிமிடம், அதாவது ஏழு மணி நேரம் விழுந்து கிடக்கலாம். அந்தக் கையிருப்பு மிச்சம் இருக்கும்வரை விருப்பம்போல் மாற்றுங்கள். தீர்ந்துபோனால் மாதம் முடியும்வரை பிழை திருத்தம் மட்டும். சேவை ஒருபோதும் விழக்கூடாது என்ற பேச்சும் எப்போதும் மாற்ற வேண்டும் என்ற பேச்சும் இதில் அடங்கிவிடும். இரண்டு கட்சியும் ஒரே கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும்.

மார்ச் 10

43 நிமிடம். 43 நிமிடம் 12 விநாடி. நான் ஒரு விழுக்காட்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டேன். முப்பது நாளுக்கு 43,200 நிமிடம், அதில் ஆயிரத்தில் ஒன்று. கல்லூரி மாணவி ஒருவர் மிகுந்த மரியாதையோடு திருத்தியிருக்கிறார், அதுதான் கூடுதலாக உறைக்கிறது. இப்படிப்பட்ட ஆளின் நிரல்தான் ஒரு காலத்தில் மிகைநேரக் கூலி கணக்குப் போட்டது என்பதை மனத்தில் வையுங்கள்.

மார்ச் 17

தனிமடல் ஒன்று வந்தது. ஒரே வரி: "அண்ணா, அந்த அணித்தலைவர் யார் என்று நீங்களே எழுதிவிடுகிறீர்களா?"

எழுதுகிறேன். நோட்டைப் பார்த்துச் சிரித்தவன் நான்தான். அந்தச் சனிக்கிழமை ஊரில் இல்லாதவனும் நான்தான். உறவினர் வீட்டு வளைகாப்புக்குச் சேலம் போயிருந்தேன், அலைபேசியைப் பையில் போட்டிருந்தேன். பிப்ரவரியில் "அவர்" என்று எழுதியபோது பெரிதாக ஏமாற்ற நினைக்கவில்லை. அப்படி எழுதினால்தான் எழுத முடிந்தது.

இப்போது மிச்சக் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் பாதியைப் படித்தவர்கள் நோட்டைத் தெய்வமாக்கிவிட்டார்கள். "பழையதில் எல்லாம் காரணம் இருக்கும்" என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். இல்லை. திங்கட்கிழமை நானும் நோட்டு அண்ணனும் உட்கார்ந்து 31 வரியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 12 வரிகளுக்கு உயிர் இருந்தது. 19 செத்தவை. ஒன்றில் "டேப் மாற்று" என்று இருந்தது; அந்த டேப் இயந்திரத்தை எடைக்குப் போட்டு இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. இன்னொன்று "பிரிண்டரை அணைத்துப் போடு". எந்தப் பிரிண்டர் என்று அவருக்கே தெரியவில்லை, ஆனால் அவர் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு பிரிண்டரை அணைத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

எது உயிருள்ள வரி, எது செத்த வரி என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. 14ஆம் வரியும் பிரிண்டர் வரியும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் இருந்தன. நான் செய்த பிழை தானியங்கியாக்கியது அல்ல. எழுதியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேட்காமல் ஆக்கியது. அவர் செய்த பிழை, காரணத்தை எழுதாதது. அதை அவரே சொன்னார். நான் என்னுடையதைச் சொல்ல இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

மார்ச் 31

இரண்டு நாளாக யாரும் தூங்கவில்லை போலிருக்கிறது. எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் தொகுப்பில் பின்கதவு, அதாவது ரகசிய நுழைவழி, வைத்திருந்ததை வெள்ளிக்கிழமை ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வெளியிட்டார். அவர் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள வேலைக்காக ஏதோ அளந்துகொண்டிருந்தபோது எஸ்எஸ்எச் வழியாக வேறு கணினிக்குள் நுழைவது அரை விநாடி தாமதமாவதைக் கவனித்திருக்கிறார். அரை விநாடி! எங்கள் அலுவலகத்தில் லிஃப்ட் கதவு மூடவே அதைவிட நேரமாகும்.

இழைக்கு இது வந்து பொருந்துகிறது, நான் இழுத்து வரவில்லை. அந்தத் தொகுப்பைப் பல ஆண்டு ஒருவரே கூலியில்லாமல் பார்த்துக்கொண்டார். 2022இல் சில பெயர்கள் மடற்குழுவில் வந்து, வேலை மெதுவாக நடக்கிறது, புதிய ஆளிடம் கொடு என்று நச்சரித்திருக்கின்றன. அவர் தம் உடல்நலம், மனநலம் பற்றி எழுதியும் விடவில்லை. அந்தப் பெயர்கள் போலி என்று இப்போது பலரும் கருதுகிறார்கள். உதவிக்கு வந்த புதிய கை இரண்டு ஆண்டு நல்ல வேலை செய்து நம்பிக்கை பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கதவைத் திறந்துவைத்தது.

மாற்றம் வேண்டும் என்று வெளியிலிருந்து அழுத்தியவர்கள் எவருக்கும் அந்த வேலையில் ஒரு நாள் சுமையும் கிடையாது. சுமந்தவர் ஒருவர்.

டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் நிலையான கிளைக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேரவில்லை, பழையதோடு மெதுவாகப் போகிறவர்கள் தப்பித்தார்கள். ஆனால் "பார்த்தீர்களா, மெதுவாகப் போவதே நல்லது" என்று குதிக்க வேண்டாம். ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்தது டெபியனின் நிலையற்ற கிளையில். அந்தக் கிளையின் பெயர் சிட். ஒரு பொம்மைப் படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையனின் பெயர் அது. எவராவது சிட்டில் உட்கார்ந்து அடி வாங்கிக்கொண்டிருந்ததால்தான் நிலையான கிளைக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

"மாற்றுகிறவரே சுமக்கட்டும் என்பதை உங்கள் அணியில் செய்து பார்த்தீர்களா?" செய்தோம், இப்போதைய அணியில், இரண்டு ஆண்டுக்கு முன். விதி எளியது: ஒரு மாற்றத்தை முன்மொழிந்து ஏற்றுகிறவர் அடுத்த இரண்டு வாரம் இரவுத் தொலைபேசியை வைத்துக்கொள்ள வேண்டும். நான் பெருமையோடு அறிவித்தேன்.

என்ன நடந்தது தெரியுமா? மூன்று மாதம் எவரும் எதையும் மாற்றவில்லை. தொலைபேசி என் மேசையில் தூசி படிந்து கிடந்தது. அணி அமைதியாக இருந்தது, நான் வெற்றி என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், மாற்ற வேண்டியதைக்கூட யாரும் தொடவில்லை. பேக்கப் நிரல் ஒன்று வாரம் இரண்டு முறை பாதியில் நின்றுபோகும். கைக்குழந்தை உள்ள ஒரு பெண் பொறியாளர் ஒவ்வொரு முறையும் கையால் ஓட்டிக்கொண்டிருந்தார். திருத்தினால் இரண்டு வார இரவுத் தொலைபேசி. திருத்தாவிட்டால் வாரம் இருபது நிமிட எரிச்சல். அவர் எரிச்சலைத் தேர்ந்தெடுத்தார். நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

ஆகவே பிப்ரவரியில் சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மாற்றுகிறவர் சுமக்க வேண்டும், சரி. மாற்றாதே என்று தடுக்கிறவரும் சுமக்க வேண்டும். விதியைத் திருத்தினோம்: ஒருவர் ஒரு திருத்தத்தை வேண்டாம் என்று நிறுத்தினால், பழையது விழும் இரவுகளில் தொலைபேசி அவருக்கு. பேக்கப் நிரல் ஒரே வாரத்தில் திருந்தியது. அதை நிறுத்தி வைத்திருந்தவர் யார் என்று கேட்காதீர்கள், மார்ச் 17ஐ மறுபடியும் எழுத எனக்குத் தெம்பில்லை.

மே 5

சிறிய சேர்க்கை. மாறாமல் வைத்திருப்பவை எங்களிடம் மூன்றுதான். காலை 9.45க்கு நின்றுகொண்டே பேசும் கூட்டம். வியாழன் மட்டும் வெளியீடு. பிழை நடந்தால் எழுதும் குறிப்பில் ஆள் பெயர் கிடையாது. கருவி, மொழி, பலகை, சுற்றின் நீளம் எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை யாராவது மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், எனக்குக் கவலையில்லை. வியாழனை வெள்ளியாக்க ஒருவர் கேட்டார். வெள்ளி இரவு தொலைபேசியை அவரிடம் நீட்டினேன். வியாழனே நல்ல நாள் என்றார்.

ஜூலை 28

மூன்று மாதம் எட்டிப்பார்க்கவில்லை. 19ஆம் தேதிக்குப் பிறகு எட்டிப்பார்க்காமல் இருக்க முடியவில்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பு, மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்கவைத்தது. அனுப்பி 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். விழுந்தவை தாமாக எழவில்லை. ஒவ்வொன்றாக ஆள் போய் எழுப்ப வேண்டியிருந்தது. நம் ஊர் விமான நிலையங்கள் சிலவற்றில் பேனாவால் எழுதிய டிக்கெட் அட்டையைக் கொடுத்தார்கள்.

எனக்கு உறைத்தது வேறு. வாடிக்கையாளர்கள் எச்சரிக்கையாகத்தான் இருந்தார்கள். முக்கிய மென்பொருளில் ஒரு பதிப்பு பின்தங்கியே இருப்போம் என்று பலர் அமைத்திருந்தார்கள். அந்த ஏற்பாடு நிரலுக்கு மட்டும். இது நிரல் அல்ல, தரவுக்கோப்பு; அது படிப்படியாகப் போகாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போயிற்று. இனி இதையும் படிப்படியாக அனுப்புவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கதவைப் பூட்டிவிட்டு ஜன்னல் வழியாக மாற்றத்தை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். திங்கட்கிழமை எங்கள் அணியில் போய்ப் பார்த்தேன். வியாழன் விதி நிரலுக்கு மட்டும்தான் இருக்கிறது. அமைப்புக் கோப்புகள் எந்தக் கிழமையும் போகும். இரண்டு ஆண்டாக நான் அதைக் கவனிக்கவில்லை. மே 5ஆம் தேதி எழுதிய பெருமையை வாசகர்கள் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளவும்.

நோட்டு அண்ணனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். ஓய்வில் இருக்கிறார், பொள்ளாச்சிப் பக்கம். "பேனாவால் எழுதினார்களா? கையெழுத்து எப்படி?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 4

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். சுவரிலிருந்து வட்டத்தை எடுத்துவிட்டார்களாம். அந்த இடத்தில் இரவுத் தொலைபேசி யார் யாருக்கு எந்த வாரம் என்ற பட்டியல். மூன்றாம் வாரத்தில் மேலாளரின் பெயர் இருக்கிறது, அவரே எழுதிக்கொண்டார். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் அலைபேசியை அணைத்து வைப்பது அவருடைய நெடுநாள் வழக்கம், அதை மாற்றச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார், என்ன செய்வது என்று கேட்கிறார்.

வீட்டு லேண்ட்லைன் எண்ணை வாங்கி வையுங்கள்.